பீங்கான் பல்லுக்கு எமன் ஒரு மயிரிழை இடைவெளி!

"வெனீர்" ஒட்டிக்கொள்ளப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்

ஒரு தலைமயிரின் கனம் எவ்வளவு இருக்கும்?

ஒரு மில்லிமீட்டரைப் பத்துக் கூறு போட்டால், அதில் ஒரு கூறுகூட இருக்காது. கண்ணில் படுவதே கஷ்டம்.

ஆனால், ஓரம் சரியாக மூடாமல் அந்த அளவு இடம் விட்டுப்போனால் போதும். பல ஆயிரம் ரூபாய் செலவு செய்து முன்பற்களில் ஒட்டிக்கொண்ட பீங்கான் தகடு நாளடைவில் நிறம் மாறும். ஓரத்தில் கறுப்புக் கோடு விழும். வெளியே பீங்கான் பளபளவென்று மின்னிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருக்கும் சொந்தப் பல் சொத்தையாகும்!

இந்த இடைவெளி ஏன் உண்டாகிறது? அதை அடைப்பது எப்படி? தகடு எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பல் டாக்டர்கள் 200 ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டி வரும் பிரச்சினை இது. அந்தக் கதை சுவையானது. பல்லில் கை வைக்கும் முன் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியதும்கூட.

வெனீர் என்பது என்ன?

மர வேலை செய்பவர்களுக்கு "வெனீர்" என்ற சொல் பழக்கமானது. சாதாரணப் பலகையின் மேல், தேக்கு போன்ற உயர்ந்த மரத்தை மெல்லிய தோலாகச் சீவி ஒட்டுவார்கள். பார்ப்பவர்களுக்கு முழுவதும் தேக்கு போலவே தெரியும்.

பல்லுக்கும் அதே வித்தைதான். முன்பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும் லேசாக இழைத்துவிட்டு, அதன் மேல் விரல் நகம் அளவுக்குக் கனமுள்ள தகட்டை ஒட்டுகிறார்கள். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். கறை படிந்த பல், ஓரம் உடைந்த பல், பல்லுக்குப் பல் சந்து உள்ள வரிசை ஆகியவற்றை இது மறைத்துவிடும்.

பல்லுக்குப் போடும் தொப்பி வேறு, இது வேறு. தொப்பி, பல்லைச் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும். வெனீருக்கு அப்படிப் பிடிமானம் எதுவும் கிடையாது. சுவரில் போஸ்டர் ஒட்டியது போல, முழுக்க முழுக்கப் பசையை நம்பியே நிற்கிறது.

ஆகவே, வெனீருக்கு இரண்டு விஷயங்கள் உயிர். ஒன்று, பல்லோடு அளவாகப் பொருந்தி உட்காருவது. மற்றொன்று, ஓரம் முழுவதும் நீர் புகாமல் அடைபடுவது. பொருத்தம் நன்றாக இருந்து அடைப்பு கெட்டாலும் ஆபத்து. அடைப்பு நன்றாக இருந்து பொருத்தம் கெட்டாலும் ஆபத்து.

சூளையில் சுருங்கிய பல்

பீங்கானைப் பல்லுக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனை பிரான்ஸ் நாட்டில் பிறந்தது.

பாரிஸ் நகருக்கு அருகே டுஷாட்டோ என்ற மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவர் கட்டியிருந்த பல் செட், நீர்யானையின் கொம்புப் பல்லைச் செதுக்கிச் செய்தது. அது கறை பிடித்தது, நாற்றமும் அடித்தது. மருந்து அரைக்கும் பீங்கான் பாத்திரங்களில் மட்டும் கறையோ நாற்றமோ தங்குவதில்லை என்பதை அவர் கவனித்தார். பல்லையும் பீங்கானில் செய்தால் என்ன?

1774-ம் ஆண்டு வாக்கில் பீங்கான் தொழிற்சாலையின் உதவியோடு செய்து பார்த்தார். பல் செட் அழகாக வந்தது. ஆனால் வாயில் பொருந்தவில்லை!

காரணம் என்ன? பச்சை மண்ணில் செய்த பானை சூளையில் வெந்ததும் சற்றுச் சிறுத்துவிடும். இதைக் குயவர் வீட்டுக் குழந்தைகூட அறியும். பீங்கானும் அப்படியே சுருங்கியது. டுபுவா டி ஷெமான் என்ற பல் வைத்தியரோடு சேர்ந்து, சுருக்கத்துக்கு ஏற்றபடி அளவைக் கூட்டிச் செய்த பிறகே வெற்றி கிட்டியது.

இன்றும் பல் பீங்கான் மாவு வேகும்போது, அதன் பருமனில் 30 முதல் 40 சதவீதம் வரை குறைந்துவிடுகிறது. ஒரே தடவையில் சுட்டு எடுத்தால் ஓரம் பல்லை விட்டு விலகி நிற்கும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாவை அப்பி, பல முறை சுட்டு எடுக்கிறார்கள்.

விமான வீரரின் தாத்தா

அடுத்து ஒரு முக்கியமான வழியைக் கண்டுபிடித்தவர், அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் இருந்த டாக்டர் சார்லஸ் லேண்ட்.

1927-ம் ஆண்டில் தன்னந்தனியாக அட்லாண்டிக் கடலை இடைநில்லாமல் பறந்து கடந்து, உலகப் புகழ் பெற்ற லிண்ட்பர்க் இருக்கிறாரே, அவருடைய தாயைப் பெற்ற தாத்தாதான் இந்த லேண்ட்!

அவர் 1880-களில் பிளாட்டினம் உலோகத்தைக் காகிதத்தைவிட மெல்லியதாகத் தட்டினார். அதைப் பல்லின் அச்சின் மேல் படியவைத்து, அதன் மேல் பீங்கான் மாவை அப்பிச் சுட்டார். பிளாட்டினம் உருகாது, உருவமும் மாறாது. சுருங்க முயலும் பீங்கானை அது பல்லின் வடிவத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டது. வெந்த பிறகு, உள்ளே உள்ள தகட்டை உரித்து எடுத்துவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உரித்து எடுத்த தகட்டின் கனம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கனம் இருந்த இடம் காலியாகிவிடுகிறது அல்லவா? அதுவே பசைக்கு உரிய இடமாக அமைந்தது!

பல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே இடமே இல்லாமல் செய்ய முடியாது, இருக்கவும் கூடாது. பசைக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். அது எவ்வளவு குறைவாக, எவ்வளவு சீராக இருக்கிறது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

ஹாலிவுட் தந்திரம்

வெனீர் பிறந்த இடம் சினிமா உலகம்.

1920-களின் கடைசியில் பேசும் படங்கள் வந்தன. நட்சத்திரங்களின் முகம் திரையில் பிரமாண்டமாகத் தெரிந்தது. வாயைத் திறந்து பேசினால் கோணல் பல்லும் சேர்ந்து தெரிந்தது.

கலிபோர்னியாவில் தொழில் நடத்திய டாக்டர் சார்லஸ் பிங்கஸ் இதற்கு வழி செய்தார். மெல்லிய பீங்கான் தகடுகளைச் செய்து, நட்சத்திரங்களின் முன்பற்களில் ஒட்டினார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்குப் பால் பல் விழுந்த காலத்தில், அந்த ஓட்டை திரையில் தெரியாமல் பொய்ப் பல் வைத்தவரும் அவரே.

ஆனால் அவரிடம் நல்ல பசை இல்லை. பல் செட் நழுவாமல் இருக்கத் தூவும் பொடியை வைத்துத்தான் ஒட்டினார். படப்பிடிப்பு முடிகிற வரை தாங்கும். சாப்பாட்டு வேளை வந்தால் கழற்றி வைத்துவிட வேண்டும்!

பீங்கான் இருந்தது, அழகும் இருந்தது. அடைப்பு மட்டும் இல்லை. அதனால் ஹாலிவுட் வெனீர் ஏறக்குறைய 50 ஆண்டுகள் வெறும் வேஷமாகவே நின்றுவிட்டது.

பெயிண்ட் சொன்ன பாடம்

அடைப்புக்கு வழி காட்டியது பெயிண்ட் வேலை என்றால் நம்புவீர்களா?

தொழிற்சாலைகளில் உலோகத்துக்கு வர்ணம் பூசுவதற்கு முன், பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவுவது வழக்கம். அப்படிச் செய்தால் வர்ணம் உரியாமல் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் இருந்த டாக்டர் மைக்கேல் புவனகோர் இதைப் பார்த்து யோசித்தார்.

பல்லின் மேல்தோல் "எனாமல்". உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அது. எடையில் 96 சதவீதம் தாதுப்பொருள்தான். அதன் மேல் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 30 விநாடி வைத்துக் கழுவினார். பிறகு அக்ரிலிக் பிசினை ஒட்டினார். முன்பு எளிதில் உதிர்ந்த பிசின், இப்போது விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டது. 1955-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்.

அமிலம் பட்டதும் எனாமல் தேன்கூடு போல நுண்ணிய குழிகளாகிறது. பிசின் அந்தக் குழிகளில் இறங்கி, இறுகி, வேர் விட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது. இன்று இந்த வேலைக்குச் சுமார் 37 சதவீத அமிலமே போதும் என்று கண்டிருக்கிறார்கள்.

1962-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ரபேல் போவன், எளிதில் சுருங்காத புதிய பிசின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பல் நிறத்தில் பள்ளம் அடைக்கும் "காம்போசிட்" அதிலிருந்துதான் வளர்ந்தது. இன்றைய வெனீர் பசையும் அதன் வழி வந்ததே.

பல்லில் பிசின் ஒட்டிவிட்டது. பீங்கானில் ஒட்ட வேண்டுமே! 1983-ம் ஆண்டில் நியூயார்க்கில் டாக்டர் ஹார்ன், டாக்டர் கலாமியா முதலியவர்கள் அதற்கும் வழி காட்டினார்கள். பீங்கானின் உள்பக்கத்தை, கண்ணாடியையே அரிக்கக்கூடிய ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரித்தார்கள். அதன் மேல் "சிலேன்" என்ற திரவத்தைப் பூசினார்கள்.

சிலேன் ஒரு தரகர் மாதிரி. ஒரு கையால் பீங்கானைப் பிடித்துக்கொள்கிறது. மறு கையால் பசையைப் பிடித்துக்கொள்கிறது.

பிங்கஸ் கண்ட கனவு அப்போதுதான் பலித்தது. சாப்பிடும்போது கழற்ற வேண்டாத வெனீர் வந்துவிட்டது!

மயிரிழைக் கணக்கு

ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். பல் ஓரத்தை இந்த அளவால்தான் அளக்கிறார்கள்.

1971-ம் ஆண்டில் மக்லீன், வான் பிரான்ஹோபர் என்ற இரு நிபுணர்கள், 1,000-க்கு மேற்பட்ட பல் தொப்பிகளையும் அடைப்புகளையும் ஆராய்ந்து பார்த்தார்கள். பசை நிரம்பிய ஓர இடைவெளி 120 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது என்று அவர்கள் சொன்னார்கள். அந்த வரம்பைத்தான் இன்றும் பெரும்பாலோர் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இது ஒரு மயிரிழைக்குச் சற்று அதிகம். ஆனால் பல்லைச் சொத்தையாக்கும் கிருமியின் அளவு ஒரு மைக்ரான்கூட இல்லை. 100 மைக்ரான் வாசல் திறந்து கிடந்தால், நூறு கிருமிகள் தோளோடு தோள் உரசி வரிசையாக நுழையலாம்!

வாசலில் நிற்கும் காவலாள்தான் பசை. ஆனால் அந்தக் காவலாளிக்கும் ஒரு பலவீனம் உண்டு. பீங்கான் தேய்வதைவிடப் பசை சீக்கிரம் தேயும். நீரை உறிஞ்சும், காப்பி, தேநீர், வெற்றிலைச் சாற்றின் நிறத்தையும் ஏற்றுக்கொள்ளும். ஓரத்தில் பசைக் கோடு அகலமாக இருந்தால், அந்த இடம் குழிந்து, அழுக்குத் தங்கி, ஈறும் வீங்கும்.

ஆகவே பசை வேண்டும். ஆனால் மெல்லியதாக வேண்டும். வெனீர் ஒட்டும் பிசின் பசை 50 மைக்ரானுக்கு மேல் தடிக்காமல் பரவ வேண்டும் என்று சர்வதேசத் தர நிர்ணயம் கூறுகிறது.

அடைப்பு சரியாக இருக்கிறதா என்பதை ஆராய்ச்சிக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பிடுங்கி எடுத்த பற்களில் வெனீர் ஒட்டி, ஐஸ் போன்ற குளிர்ந்த நீரிலும் சூடான நீரிலும் மாறி மாறி முக்குகிறார்கள். பிறகு சாயத்தில் ஊற வைத்து, பல்லைக் குறுக்கே அறுத்துப் பார்க்கிறார்கள். சாயம் உள்ளே ஓடியிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

பொருளுக்குப் பொருள் குணம்

இன்று வெனீர் செய்ய ஐந்து விதமான வழிகள் முக்கியமாக உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பொருந்துகிறது.

1. கையால் அப்பிச் சுடும் பீங்கான்: "பெல்ட்ஸ்பார்" என்ற கல்லின் மாவால் செய்வது. சொந்தப் பல்லின் ஒளியும் நிழலும் இதில் வருவது போல் வேறு எதிலும் வருவது அரிது. மிக மெல்லியதாகச் செய்யலாம். அமிலத்துக்கு நன்றாக அரிபடும். பசை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒட்டும் வரை முட்டையோடு போல உடையும். பொருத்தம் முழுவதும் தொழிலாளியின் கைத்திறனில் இருக்கிறது.

2. வார்த்து அழுத்தும் பீங்கான்: சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சு மண் கட்டி, மெழுகை உருக்கி ஓட்டிவிட்டு, அந்தக் காலி இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். இங்கே உலோகத்துக்குப் பதிலாக, 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி இளக்கிய பீங்கானை அழுத்துகிறார்கள். மாவு சுருங்கும் தொல்லை இதில் இல்லை. ஓரம் கச்சிதமாக வருகிறது. "லித்தியம் டைசிலிகேட்" என்ற உறுதியான கண்ணாடிப் பீங்கான் இந்த வகையில் பெயர் பெற்றது. கையால் அப்பும் பீங்கானைப் போல மூன்று மடங்குக்கு மேல் வலுவுள்ளது. அமிலத்துக்கும் அரிபடும்.

3. இயந்திரம் செதுக்கும் பீங்கான்: 1985-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஜூரிச் சர்வகலாசாலையில் டாக்டர் மோர்மன், என்ஜினீயர் பிராண்டஸ்டினி ஆகியோர் பல் செதுக்கும் இயந்திரத்தை முதன்முதலில் நோயாளிக்குப் பயன்படுத்தினார்கள். வாயைப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் வடிவம் போட்டு, பீங்கான் கட்டியிலிருந்து செதுக்கி எடுக்கலாம். ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் செதுக்கும் ஊசியின் முனை எவ்வளவு தடிமனோ, அதைவிடச் சிறிய மூலையை அது செதுக்க முடியாது. பல்லில் கூரான விளிம்பு இருந்தால், அந்த இடத்தில் தகடு இடிக்கும். அல்லது உள்ளே பள்ளம் கூடுதலாகி, பசை தடிக்கும். மெல்லிய ஓரம் செதுக்கும்போது பொரிந்து போவதும் உண்டு. அதனால் பல்லை வழவழப்பாக, கூர் இல்லாமல் இழைப்பது அவசியம்.

4. சிர்கோனியா: இது பலசாலி. உறுதியில் கையால் அப்பும் பீங்கானைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. இதைச் சுண்ணாம்புக் கட்டி போல மிருதுவாக இருக்கும்போதே செதுக்கிவிடுகிறார்கள். சூளையில் வைத்தால் நீள அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும்! கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் போட்டு முதலிலேயே பெரிதாகச் செதுக்குகிறது. டுஷாட்டோ பட்ட பாட்டை இன்று கம்ப்யூட்டர் படுகிறது!

ஆனால் பலசாலிக்கும் குறை உண்டு. கண்ணாடிச் சத்து இல்லாததால், ஹைட்ரோபுளோரிக் அமிலம் இதை வழக்கம்போல் அரிப்பதில்லை. சிலேன் தரகருக்கும் இங்கே வேலை இல்லை. நுண்ணிய மணலை வீசிச் சொரசொரப்பாக்கி, "எம்.டி.பி." என்ற வேறு மருந்தைப் பூச வேண்டும். ஜப்பானியர் உண்டாக்கிய இந்த மருந்து 1980-களில் பல் பசைகளில் வந்தது. பிடிமானம் முழுவதும் பசையை நம்பியிருக்கும் வெனீருக்கு, "உறுதியான பொருள்" என்பது மட்டுமே போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

5. காம்போசிட்: பிசினையும் கண்ணாடித் துகளையும் கலந்த பொருள். டாக்டரே நேராகப் பல்லின் மேல் குழைத்து வைத்து, வடிவம் கொடுத்து, விளக்கொளியில் இறுக்கிவிடுகிறார். தனியாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் வேலை இல்லாததால், பொருத்தப் பிரச்சினையும் இல்லை. விலையும் குறைவு. உடைந்தால் செப்பனிடலாம். ஆனால் இறுகும்போது பருமனில் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கி, ஓரத்தை இழுக்கும். பீங்கானைவிடச் சீக்கிரம் பளபளப்பு இழந்து கறையும் பிடிக்கும்.

காப்பியும் ஐஸ்கிரீமும்

சூடான காப்பி குடித்துவிட்டு ஐஸ்கிரீம் தின்கிறோம். ரயில் தண்டவாளம் வெயிலில் நீள்வது போல, பல்லும் தகடும் பசையும் சூட்டில் விரிகின்றன, குளிரில் சுருங்குகின்றன.

எனாமலும் பீங்கானும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிகின்றன. ஒத்துப்போகும் தம்பதி போல! ஆனால் பிசின் அவற்றைப்போல இரண்டு மூன்று மடங்கு விரிகிறது. நடுவில் அகப்பட்ட பசை மெல்லியதாக இருந்தால் அதன் இழுப்பு குறைவு. தடித்திருந்தால், நாளொன்றுக்குப் பல தடவை இழுத்து இழுத்து, ஓரத்தைப் பெயர்க்கும். பீங்கானிலும் கீறல் விழும். பீங்கானின் கனம் பசையின் கனத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் கீறல் ஆபத்து குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

பசையின் வகையும் முக்கியம். விளக்கொளியில் மட்டும் இறுகும் பசை, மெல்லிய வெனீருக்கு ஏற்றது. தானாகவும் இறுகும் பசைகள் சிலவற்றில் உள்ள ரசாயனம், நாளடைவில் மஞ்சள் பூத்துவிடும். மெல்லிய பீங்கான் வழியாக அந்த மஞ்சள் வெளியே தெரியும்.

இன்னொரு நுணுக்கம்: காற்றுப் பட்ட பிசின் மேல்பரப்பில் சரியாக இறுகாது. அதனால் கடைசி ஒளி காட்டும் முன், ஓரத்தில் கிளிசரின் களிம்பைத் தடவிக் காற்றைத் தடுக்கிறார்கள். இந்தச் சிறு வேலையை விட்டுவிட்டால், ஓரம் மிருதுவாகவே நின்று, சீக்கிரம் கறை பிடிக்கும்.

கிராம்புத் தைலம் செய்யும் குறும்பு

பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதில் உள்ள "யூஜினால்" என்ற சத்து வலியைத் தணிக்கும். ஆனால் பிசின் பசை இறுகுவதை அதே சத்து கெடுத்துவிடும்! ஆகவே வெனீர் ஒட்டவிருக்கும் பல்லில், அது கலந்த தற்காலிகச் சிமெண்டைத் தவிர்க்கிறார்கள்.

பல்லை வெளுக்க வைக்கும் மருந்தும் இப்படித்தான். வெளுக்கச் செய்த உடனே ஒட்டினால் பிடிமானம் குறையும். ஏறத்தாழ இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும்.

எச்சிலும் இரத்தமும் இன்னும் பொல்லாதவை. ஈறு வீங்கி இரத்தம் கசியும் வாயில், எவ்வளவு உயர்ந்த பீங்கானும் அடைபடாது. முதலில் ஈறு ஆற வேண்டும். ஒட்டும்போது பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டி எச்சிலைத் தடுக்க வேண்டும். இந்தத் திரையை 1864-ம் ஆண்டிலேயே நியூயார்க் டாக்டர் பார்னம் கண்டுபிடித்துவிட்டார்.

அளவு எடுப்பதிலும் கவனம் தேவை. கடற்பாசிச் சத்தான ஆல்ஜினேட்டில் அச்சு எடுத்தால், அது நீர் வற்றி விரைவில் சுருங்கும். அச்சு சுருங்கினால் தகடும் பொருந்தாது. அதனால் இறுதி அளவுக்கு, உருவம் மாறாத சிலிகோன் ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள்; அல்லது ஒளிக் கருவியால் வாயைப் படம் பிடிக்கிறார்கள்.

போனால் வராது!

எல்லாவற்றையும்விட முக்கியமானது எனாமல்தான்.

உடைந்த எலும்பு கூடும். அறுபட்ட தோல் வளரும். எனாமல் மட்டும் வளரவே வளராது. முன்பல்லில் ஈறு ஓரத்தில் அதன் கனம் அரை மில்லிமீட்டர்கூட இராது. அளவுக்கு மீறி இழைத்தால், உள்ளே உள்ள "டென்டின்" வெளிப்படும். அதில் நீர்ச்சத்தும் நுண்ணிய துளைகளும் உண்டு. பசை எனாமலில் பிடிப்பதுபோல் அதில் நிலைத்துப் பிடிப்பதில்லை. எனாமலில் ஒட்டிய வெனீர் நெடுநாள் உழைக்கும். டென்டினில் ஒட்டிய வெனீர் பெயரவும் கசியவும் வாய்ப்பு அதிகம்.

2020-களில் பிரிட்டனிலிருந்து பலர் மலிவான விலைக்கு ஆசைப்பட்டுத் துருக்கிக்குப் போனார்கள். வெனீர் என்று நினைத்துப் போன சிலருக்கு, நல்ல பற்களையே முளைக்குச்சி போலச் செதுக்கித் தொப்பி மாட்டிவிட்டார்கள். பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கம் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. இழைத்த பல் இழைத்ததுதான். இனி ஆயுள் முழுவதும் அந்தப் பல்லுக்கு ஏதாவது ஒன்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்!

என்ன கேட்க வேண்டும்?

வெனீர் ஒட்டிக்கொள்ள நினைப்பவர்கள், பதிவு பெற்ற பல் டாக்டரிடமே போக வேண்டும். கூச்சப்படாமல் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்:

பல்லை எவ்வளவு இழைப்பீர்கள்? எனாமலுக்குள் நிற்குமா?

எந்தப் பொருள்? அந்தப் பொருளுக்கு ஏற்ற பசை எது?

ஓரம் ஈறுக்கு மேலே தெரியும்படி வருமா, ஈறுக்குள் போகுமா? ஓரம் வெளியே இருந்தால் சுத்தம் செய்வதும் எளிது; அடைப்பதும் எளிது.

இழைக்காமலே, வெளுக்க வைத்தோ, காம்போசிட் வைத்தோ சரி செய்ய முடியாதா?

ஒட்டிய பிறகும் பொறுப்பு முடிவதில்லை. காலையும் இரவும் பல் துலக்க வேண்டும். பல் சந்துகளை நூலால் சுத்தம் செய்ய வேண்டும். கரும்பு கடிப்பது, சோடா மூடி திறப்பது, நகம் கடிப்பது எல்லாம் கூடாது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள், அதற்கென்று உள்ள பாதுகாப்பு உறையைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஓரங்களைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தாலோ, குளிர்ந்த நீர் பட்டால் கூசினாலோ, தாமதிக்கக் கூடாது.

கண்ணாடியில் பல்லைப் பார்ப்பவர்கள் நடுவில் உள்ள பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். பல் டாக்டரின் ஊசி ஓரத்தைத்தான் தேடிப் போகும். வெனீரின் ஆயுள் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது!